தண்டனைத் தீர்ப்புக்கு எதிராக அப்பீல்: முதலில் தேதியைப் பாருங்கள், நியாயத்தை அப்புறம் பேசலாம்

தீர்ப்பு வாசித்த அன்று சாயங்காலம் வீட்டில் பேச்செல்லாம் ஒன்றையே சுற்றிக்கொண்டிருக்கும். போலீஸ் ஜோடித்த வழக்கு, இரண்டாவது சாட்சி வாய் கூசாமல் பொய் சொன்னான், நீதிபதி நம் வக்கீல் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மேல் நீதிமன்றத்தில் மனுவைக் கொண்டுபோய் வைத்தால், இதில் எதைப் பற்றியும் முதலில் கேட்க மாட்டார்கள். தீர்ப்பு என்றைக்கு, மனு என்றைக்கு, நடுவில் எத்தனை நாள் என்றுதான் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு தப்பினால் சாட்சி பொய் சொன்ன கதையைச் சொல்லவே வாய்ப்பு வராமல் போகலாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இதைப் படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பீர்கள் என்பதால் விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட இந்தியா, அமெரிக்கா, இங்கிலாந்து என்று சில இடங்களிலிருந்து உதாரணம் எடுக்கிறேன். உங்கள் வழக்குக்குப் பொருந்தும் எண்ணை உங்கள் வக்கீலிடம் கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பீலில் வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள், சாட்சிகளைத் திரும்பக் கூண்டில் ஏற்றுவார்கள், நாமும் நம் கதையை நேரில் சொல்லலாம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான காகிதங்களை வைத்துக்கொண்டு, அங்கே சட்டப்படி தவறு நடந்ததா, அந்தச் சாட்சியத்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியுமா என்று பார்ப்பதுதான் மேல் நீதிமன்றத்தின் வேலை. விதிவிலக்கு உண்டு: இங்கிலாந்தில் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலிருந்து கிரவுன் கோர்ட்டுக்குப் போகும் அப்பீலில் சாட்சி விசாரணை உட்பட வழக்கு புதிதாகவே நடக்கும். இந்தியாவில் முதல் அப்பீலைக் கேட்கும் நீதிமன்றம் சாட்சியங்களை முழுக்கத் திரும்ப எடைபோடலாம், ஆனால் அதுவும் காகிதத்தில் இருப்பதை வைத்துத்தான். அமெரிக்காவில் ஜூரி கொடுத்த தீர்ப்பு என்றால் பிடி இன்னும் இறுக்கம். அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாலும் புத்தியுள்ள எவரும் குற்றம் நிரூபணமானதாகச் சொல்ல முடியாது என்று காட்ட வேண்டும். 1979இல் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கு வகுத்த அளவுகோல் அது. ஆக, பதிவில் இல்லாதது மேல் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

கெடு: எத்தனை நாள், எந்த நாளிலிருந்து

இந்தியாவில் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, அப்பீல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்குப் போனால் 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள்தான். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் 14 நாள். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் 14 நாள். இங்கிலாந்தில் கிரவுன் கோர்ட்டிலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 28 நாள், அதுவும் நேரடியாக அப்பீல் அல்ல, அப்பீல் செய்ய அனுமதி கேட்கும் மனு.

எத்தனை நாள் என்பதைவிட எந்த நாளிலிருந்து என்பதில்தான் பலர் விழுகிறார்கள். குற்றவாளி என்று சொன்ன நாளும் தண்டனை எவ்வளவு என்று சொன்ன நாளும் வேறு வேறாக இருக்கும், நடுவில் வாரக்கணக்கில்கூட ஓடிவிடும். இங்கிலாந்தில் குற்றவாளி என்ற முடிவை எதிர்ப்பதானால் அந்த முடிவு வந்த நாளிலிருந்தே 28 நாள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. தண்டனை என்ன என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் முதல் கெடு முடிந்தே போயிருக்கும். இந்தியாவில் இன்னொரு கணக்கு உண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, அது தயாராகும்வரை ஆகும் நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதனால் நகலுக்கு விண்ணப்பிப்பதைத் தீர்ப்பன்றே செய்துவிடுங்கள், விண்ணப்பித்த தேதியும் நகல் தயாரான தேதியும் நகலிலேயே முத்திரையாக விழுந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் ஒரு நகலை உடனடியாக இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள், கேட்காமல் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒருநாள் இரண்டுநாள் பிந்தினால் கோர்ட் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இரண்டு அமெரிக்க வழக்குகள்.

முதலாவது, பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல். ஒஹாயோவில் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் பௌல்ஸ். தண்டனையை எதிர்த்து மத்திய நீதிமன்றத்தில் போட்ட மனு தள்ளுபடியானது, அதற்கு அப்பீல் செய்ய வேண்டிய கெடுவும் தவறியது. அவகாசம் கேட்டார், நீதிபதி கொடுத்தார். சட்டப்படி 14 நாள்தான் கொடுக்கலாம், ஆனால் நீதிபதி தன் உத்தரவில் பிப்ரவரி 27 வரை, அதாவது 17 நாள் என்று எழுதிவிட்டார். பௌல்ஸின் வக்கீல் பிப்ரவரி 26 அன்று தாக்கல் செய்தார். நீதிபதி சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால், சட்டம் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பின்னால். 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கதவைச் சாத்தியது. நீதிபதியே தவறாகச் சொல்லியிருந்தாலும் சட்டம் வகுத்த கெடுவை நீட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை என்றது. நீதிபதியின் உத்தரவையே நம்பக் கூடாதா என்று கேட்கத் தோன்றும், நான்கு நீதிபதிகளுக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் ஐந்து பேர் சொன்னதுதான் சட்டம்.

இரண்டாவது, கோல்மன் எதிர் தாம்சன். வர்ஜீனியாவில் மரண தண்டனை பெற்ற ரோஜர் கோல்மனின் வக்கீல்கள், ஒரு கட்டத்தில் அப்பீல் அறிவிப்பை மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடி செய்தது. மாநில விதியை மீறியதால் அவர் எழுப்பிய அரசியல் சாசனக் கேள்விகளையும் கேட்க முடியாது என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அந்தக் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது சாசனம் தந்த உரிமை இல்லை, அதனால் வக்கீல் செய்த தவறு கட்சிக்காரர் தலையில்தான் என்றது. 1992இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2006இல் நடந்த டிஎன்ஏ சோதனை அவரையே குற்றவாளியாகக் காட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பாதிக் கதை சொல்வது சரியில்லை. ஆனால் கதவைச் சாத்திய நாளில் நீதிபதிகள் கையில் இருந்தது டிஎன்ஏ அல்ல, காலண்டர்.

எல்லா இடமும் இவ்வளவு கடுமை இல்லை. இந்தியாவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம், போதிய காரணம் இருந்தால் ஏற்பார்கள், சிறையில் இருப்பவர் விஷயத்தில் பொதுவாகவே கொஞ்சம் தாராளமாக இருப்பார்கள். அமெரிக்காவிலும் நேரடி அப்பீலில் மன்னிக்கத்தக்க தவறு என்று காட்டினால் கெடு முடிந்த பிறகு 30 நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் தாமத மனுவில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரு வரி எழுதிவிட்டு வராதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன நடந்தது, மருத்துவமனையில் இருந்தீர்களா, நகல் கிடைக்கவில்லையா, பணம் புரட்ட அலைந்தீர்களா, ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணமும் அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் வேண்டும்.

சிறைக்குள் இருப்பவர் வக்கீல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் அப்பீல் மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரிடமே கொடுக்கலாம், அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் கடமை. அமெரிக்காவில் 1988இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில், வக்கீல் இல்லாத கைதி சிறை அதிகாரியிடம் அறிவிப்பைக் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள் என்று தீர்ப்பானது. எந்த நாடாக இருந்தாலும் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், தேதியோடு.

நடைமுறையில் சொல்வதானால், மனு அழகாக இருக்க வேண்டும் என்று காத்திருந்து கெடுவைத் தொலைப்பதைவிட, அனுமதி இருக்கும் இடத்தில் ஒரு பக்க அப்பீல் அறிவிப்பை முதலில் தாக்கல் செய்துவிட்டு, விரிவான காரணங்களை அப்புறம் கூடுதலாகக் கொடுப்பதே நல்லது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் முறையே அதுதான்: முதலில் அறிவிப்பு, வாதங்கள் பிறகு. இங்கிலாந்தில் நிலைமை வேறு, அனுமதி மனுவோடு காரணங்களும் சேர்ந்தே போக வேண்டும்.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போது

அப்பீல் போட்டாலே தண்டனை நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. அதற்குத் தனியாக மனுப் போட்டு, தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனில் விடும்படி கேட்க வேண்டும். இந்தியாவில் விசாரணையின்போது ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று வருடத்துக்கு மிகாத தண்டனை என்றால், அப்பீல் போடும் வரைக்கும் தண்டனை விதித்த நீதிமன்றமே விடலாம். இதைக் கேட்க வேண்டிய நேரம் தீர்ப்பு வாசித்த அடுத்த சில நிமிடங்கள். பல வக்கீல்கள் அந்த மனுவைத் தயாராகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள், உங்கள் வக்கீல் அப்படியா என்று தீர்ப்புக்கு முந்தின நாளே கேளுங்கள். காசோலை வழக்கு என்றால் அபராதத்தில் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்ல அப்பீல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பணத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்டனையை நிறுத்தி வைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைப்பது வேறு. முதலாவது கிடைத்தால் சிறைக்குப் போக வேண்டாம், ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் குற்றவாளிதான், வேலையும் பதவியும் அதனால் போகலாம். 2023இல் ராகுல் காந்திக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் இரண்டு வருடம் தண்டித்தது, மறுநாளே எம்.பி. பதவி போனது. ஏப்ரலில் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது, பதவி திரும்பவில்லை. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையே நிறுத்தி வைத்த பிறகுதான் திரும்பியது. அரசு வேலையில் இருப்பவர்கள், உரிமம் வைத்துத் தொழில் செய்பவர்கள் இந்த இரண்டாவது மனுவையும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். எளிதில் கிடைக்காது, கிடைக்காவிட்டால் என்ன இழப்பு, அதை ஏன் பின்னால் சரிசெய்ய முடியாது என்று விளக்கிக் காட்ட வேண்டும்.

கேஸ் கட்டைப் படிப்பது

முழுக் கட்டையும் வாங்குங்கள்: குற்றப்பத்திரிகை, ஒவ்வொரு சாட்சியின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள், இடையில் பிறந்த உத்தரவுகள், நீதிமன்ற நாட்குறிப்பு, கடைசியில் தீர்ப்பு. நாட்குறிப்பை யாரும் சீந்துவதில்லை. ஆனால் எந்தத் தேதியில் வக்கீல் வரவில்லை, எந்தத் தேதியில் சாட்சியை அழைக்கக் கேட்ட மனு மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் கிடக்கும்.

அப்புறம் ஒரு நோட்டின் பக்கத்தை நெடுக்கில் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் தீர்ப்பு சொல்வது, இரண்டாவதில் அதே விஷயத்தில் சாட்சி உண்மையில் சொன்னது, மூன்றாவதில் பக்கமும் வரியும். தீர்ப்பின் ஒவ்வொரு பத்தியையும் இப்படி எடுத்துவைத்துப் பார்த்தால் எங்கே கிழிசல் என்று தானாகத் தெரியும். இது அலுப்பான வேலை. வக்கீலுக்கு உங்கள் ஒரு வழக்கு மட்டும் இல்லை என்பதால், இதைக் குடும்பத்தில் யாராவது பொறுமையாக உட்கார்ந்து செய்து கொடுத்தால் அப்பீலின் தரமே மாறும். வழக்கில் வாழ்ந்தவர் கண்ணுக்குத் தெரியும் முரண், புதிதாகப் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எந்தத் தவறு எடுபடும்

கட்டைப் படித்தால் இருபது முப்பது தவறு கிடைக்கும். எல்லாம் அப்பீலில் எடுபடாது. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேட்டுச் சலிக்க வேண்டும்.

முதல் கேள்வி: அப்போதே ஆட்சேபித்தீர்களா? ஏற்கக் கூடாத ஆவணத்தை அரசுத் தரப்பு தாக்கல் செய்தபோது உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபித்து, அது பதிவானதா? அமெரிக்காவில் அப்போது வாய் திறக்காதவர் பின்னால் அப்பீலில் கேட்டால், வெளிப்படையான தவறா, அடிப்படை உரிமையைப் பாதித்ததா, நீதிமன்றத்தின் நேர்மையையே குலைக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள், 1993இல் ஒலானோ வழக்கு வைத்த தடைகள் அவை. தாண்டுபவர்கள் குறைவு. இந்தியாவிலும் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 511ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 465, இதையே சொல்கிறது: நடைமுறைத் தவறு நீதியைப் பிறழச் செய்ததா என்று தீர்மானிக்கும்போது, அந்த ஆட்சேபத்தை முன்பே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்று நீதிமன்றம் பார்க்கும்.

இதைப் படிப்பவர் யாருக்காவது விசாரணை இன்னும் நடந்துகொண்டிருந்தால், இந்தப் பத்திதான் உங்களுக்கு. அப்பீலுக்கான அஸ்திவாரம் இப்போது போடப்படுகிறது. குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியை நீதிபதி மறுத்தால், கேள்வியையும் மறுத்ததையும் பதிவு செய்யும்படி வக்கீல் பணிவாகக் கேட்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் அன்றைக்கே ஒரு குறிப்பு மனு கொடுக்க வேண்டும். நீதிபதி முகம் சுளிப்பாரே என்று பல வக்கீல்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அந்த மரியாதைக்கு விலை கொடுப்பது கட்சிக்காரர்.

இரண்டாவது கேள்வி: அந்தத் தவறால் உங்களுக்கு என்ன பாதகம்? தவறு நடந்தது என்பதோடு நின்றால் பெரும்பாலும் தோல்விதான். அமெரிக்காவில் 1967இன் சாப்மன் வழக்குக்குப் பிறகு, சாசன உரிமை மீறலாகவே இருந்தாலும், அது முடிவைப் பாதிக்கவில்லை என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டால் தீர்ப்பு நிற்கும். இங்கிலாந்தில் தீர்ப்பு பத்திரமற்றதா, அதாவது நம்பி நிலைக்க விட முடியாததா என்பது ஒன்றே அளவுகோல். இந்தியாவில் ஒவ்வொரு பாதகமான சாட்சியத்தையும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வியாகக் கேட்டு விளக்கம் வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அப்படிக் கேட்காமல் விட்ட சூழ்நிலைகளை அவருக்கு எதிராகப் பயன்படுத்தவே கூடாது என்று 1984இல் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இன்று அந்தக் காரணத்தை எழுப்பினால், கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள், அது எப்படி முடிவை மாற்றியிருக்கும் என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்பார்கள். பதில் கையில் இருக்க வேண்டும்.

சில விதிகள் மட்டும் வேறு ரகம், மீறினால் வழக்கின் முதுகெலும்பே போய்விடும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு அப்படிப்பட்டது. ஒருவர் உடலைச் சோதனை போடுமுன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இதை அட்சரசுத்தமாகப் பின்பற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பறிமுதலை மட்டுமே நம்பிய தண்டனை நிற்காது என்றது. உடனே எல்லாப் போதைப்பொருள் வழக்கிலும் இதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கையில் இருந்த பை உடலின் பகுதி ஆகாது என்று 2005இல் பவன் குமார் வழக்கில் தீர்ந்துவிட்டது. சட்டைப் பையில் எடுத்ததா, தோள்பையில் எடுத்ததா என்ற ஒரு வார்த்தை வித்தியாசத்தில் அப்பீல் ஜெயிக்கும், தோற்கும். பறிமுதல் மகஜரில், அதாவது பொருளை எடுத்தபோது போலீஸ் எழுதிய பதிவில், என்ன எழுதியிருக்கிறது என்று மூலத்தையே பாருங்கள், யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

இனி, காரணத்தை எழுதும் விதம். "விசாரணை நீதிமன்றம் சாட்சியங்களைச் சரியாகப் பரிசீலிக்கத் தவறிவிட்டது" என்பது ஆயிரம் மனுவில் இருக்கும் வரி, படிக்கும் நீதிபதியின் கண் அதில் நிற்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள், கற்பனையான உதாரணம்தான்: "மூன்றாம் சாட்சி முதல் விசாரணையில் இடத்தில் விளக்கு இல்லை என்கிறார். குறுக்கு விசாரணையில் இருபது அடி தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார். தீர்ப்பின் 14ஆம் பத்தி இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதைத் தொடவே இல்லை. மனுதாரரை அடையாளம் காட்டிய வேறு சாட்சி வழக்கில் கிடையாது." இதைப் படித்தவர் கட்டைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். நான்கைந்து காரணம் இந்தத் தரத்தில் இருந்தால் போதும், முப்பது காரணத்தை அடுக்கினால் நல்லதும் கூட்டத்தில் காணாமல் போகும். ஆனால் ஒன்று, மனுவில் எழுதாமல் விட்டதை வாதத்தின்போது புதிதாக எடுக்க எல்லா நீதிமன்றமும் விடாது. வெட்டும்போது வக்கீலோடு உட்கார்ந்து வெட்டுங்கள்.

புதிய சாட்சியம் பற்றிச் சுருக்கமாக. மேல் நீதிமன்றம் அதை ஏற்க அதிகாரம் உண்டு, ஆனால் நம்பத்தக்கதா, முடிவை மாற்றக்கூடியதா, விசாரணையின்போதே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்கும். கையில் இருந்தும் கொண்டுவராமல் விட்டது என்றால் கிட்டத்தட்டக் கதை முடிந்தது.

போடுமுன் யோசிக்க வேண்டியவை

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்களுக்கு வழி குறுகல். இந்தியாவில் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ மாஜிஸ்ட்ரேட் முன்போ ஒப்புக்கொண்டிருந்தால், தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் மட்டுமே எதிர்க்கலாம். அமெரிக்காவில் ஒப்புதல் பேரத்திலேயே, அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக அரசுத் தரப்போடு போடும் உடன்பாட்டிலேயே, பலர் அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டிருந்தாலும், கட்சிக்காரர் கேட்ட பிறகு வக்கீல் அறிவிப்பைத் தாக்கல் செய்யாமல் விட்டால் அது வக்கீலின் குறைபாடு என்று 2019இல் கார்ஸா வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் அப்பீல் வேண்டும் என்பதை வாயால் மட்டும் சொல்லாமல் கடிதமாகவோ மெசேஜாகவோ அனுப்பி வையுங்கள்.

தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இந்தியாவில் தண்டனை பெற்றவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது, அதற்கு அரசோ பாதிக்கப்பட்ட தரப்போ தனியாக வர வேண்டும், அல்லது நீதிமன்றம் தனியாக நோட்டீஸ் கொடுத்து உங்களைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் கிரவுன் கோர்ட்டுக்குப் போகும் அப்பீலில் கூடலாம். அதற்கு மேலே போனால் கூட்ட மாட்டார்கள், ஆனால் ஆதாரமே இல்லாத மனு என்று கருதினால், காத்திருந்த காலத்தில் ஒரு பகுதியைத் தண்டனையில் சேர்க்காமல் விட உத்தரவிடலாம்.

விசாரணையை நடத்திய வக்கீலே அப்பீலையும் நடத்தலாமா? கட்டு அவருக்கு அத்துப்படி என்பது வசதி. ஆனால் அவர் ஆட்சேபிக்காமல் விட்டதுதான் உங்கள் பிரதான காரணம் என்றால், அதை அவரே எழுத மாட்டார். புதியவர் ஒருவரிடம் கட்டைக் கொடுத்துக் கருத்து கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, இந்தியாவில் காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே உதவி கிடைக்கும்.

விசாரணைக்கு வரும் நாளில் வக்கீல் வராமல் போனால்? 1996இல் பானி சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஆள் வரவில்லை என்பதற்காகக் குற்றவியல் அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் படித்துத் தகுதியின் பேரில்தான் முடிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்களுக்காகப் பேச ஆளில்லாமல் உங்கள் கட்டு படிக்கப்படுகிறது என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. பட்டியலில் வழக்கு வருகிறதா என்று நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதகமான முடிவு நான்கு விதமாக வரலாம். விடுதலை, சிறிய குற்றத்துக்கு மாற்றம், தண்டனைக் குறைப்பு, மறு விசாரணை. அப்பீல் தள்ளுபடியும் ஆகலாம். மறு விசாரணை என்றால் வெற்றி என்று இனிப்பு கொடுக்கிறார்கள், ஆனால் அதே சாட்சிகள் திரும்ப வருவார்கள், இந்தத் தடவை உங்கள் வாதம் என்ன என்று அரசுத் தரப்புக்கும் தெரியும்.

தள்ளுபடியானால் அடுத்த படிக்கும் கெடு உண்டு. இந்தியாவில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுப் போட 90 நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் 90 நாள். மாநில நீதிமன்றம் விதித்த தண்டனையை எதிர்த்து அமெரிக்க மத்திய நீதிமன்றத்துக்குப் போக 1996 சட்டப்படி பொதுவாக ஒரு வருடம். இங்கிலாந்தில் எல்லாக் கதவும் மூடிய பிறகு, 1997 முதல் இயங்கும் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையத்துக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, கெடுவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே நீதிமன்றம் கேட்டு முடித்த வாதத்தையே திரும்ப அனுப்பினால் அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்.